செவலைக்கு ஏது ரசீது?

திவாலாகப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது ரசீது. கையில் காசில்லை என்று சொல்வதற்கும் காகிதம் வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே காதில் போட்டிருந்தால், அந்த ரசீதுகளையெல்லாம் நான் சுவரில் ஒட்டித் தொலைத்திருக்க மாட்டேன்.

பெரிய சண்டை முடிந்து, ஏறியிருந்த ரப்பர் விலை மளமளவென்று சரிந்த காலம் அது. செமோருக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டி ஒரு பலகை வீட்டில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் செவலை மாடு, அதன் கன்று. அவ்வளவுதான் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் நான் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, பால் எடுத்தவள். அவர் ஈப்போவில் ஒரு செட்டியார் வட்டிக் கிட்டங்கியில் கடன் வாங்கிக் கொஞ்சம் ரப்பர் நிலம் வாங்கினவர். விலை ஏற ஏற, மனுஷனுக்குத் தானும் ஒரு துரைதான் என்ற நினைப்பு வந்துவிட்டது. தலைக்குத் துரைத்தொப்பி வந்தது. காலுக்குப் பளபளவென்று பூட்ஸ் வந்தது. கிராமபோன் வந்தது, சுவர்க் கடிகாரம் வந்தது, கடைசியில் ஒரு சைக்கிளும் வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. பாசார்க் கடைத்தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், தள்ளிக்கொண்டே திரும்புவார்.

"ஏறி ஓட்டுறதுதானே?" என்று கேட்டால், "ஓட்டுனா தேஞ்சிரும் புள்ள" என்பார்.

நான் கத்துவேன். அவர் கிராமபோனைத் திருகிவிட்டு என் கத்தலுக்குத் தாளம் போடுவார். அப்படிப்பட்ட ஆளோடு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? சிரிப்பு வந்துவிடும், அந்தச் சிரிப்பை நினைத்து மறுபடியும் கோபம் வரும்.

விலை விழுந்தது. வட்டி கட்ட வழியில்லை. கிட்டங்கியிலிருந்து ஆள் வந்தான், மறுபடி வந்தான், அப்புறம் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. இவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சக் கடுதாசி குடுத்துற வேண்டியதுதான்" என்றார், ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுப்பது போல. மஞ்சக் கடுதாசி கொடுப்பதென்றால், என்னால் கடனைக் கட்ட முடியாது, இருப்பதை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடுங்கள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது.

ஈப்போ கோர்ட்டில் இந்த விவகாரமெல்லாம் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் துரை. துரைக்கு எடுத்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நம் உயிரை வாங்கிவிடுவார். நாங்கள் போய் விவரம் கேட்ட அன்றைக்கும் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"கடன் வாங்கின காசெல்லாம் எங்க போனது எண்டு துரை கேப்பார். வாங்கின சாமான் ஒவ்வொண்டுக்கும் ரசீது கொண்டு வாங்கோ. ரசீது இல்லையெண்டா, எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கிறியள் எண்டு நினைப்பார். விளங்குதோ?"

"எல்லாத்தையும் எடுத்துருவாங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"உடுப்பு, சட்டிபானை விடுவினம். பெண்சாதி தன்ர சொந்தக் காசில வாங்கினதையும் விடுவினம். ஆனா அதுக்கும் அத்தாட்சி வேணும்."

எனக்குச் செவலை ஞாபகம் வந்தது. அது என் மாடு. மரம் வெட்டிச் சேர்த்த என் காசில் வாங்கின மாடு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீடுகளுக்கும் செமோர்ச் சீனன் காப்பிக்கடைக்கும் நான் ஊற்றுகிற பாலில்தான் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அரிசி வெந்தது. ரப்பர் நிலம் போகட்டும், கிராமபோன் ஒழியட்டும். செவலை போனால் நாங்கள் பட்டினி. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் மற்ற ரசீதுகளைத் தேடினோம். தேட என்ன இருக்கிறது, எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தன. பலகைச் சந்துகளில் காற்றும் மழைச்சாரலும் வருகிறதென்று, கையில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் கஞ்சி போட்டுச் சந்துகளில் ஒட்டிவைத்திருந்தேன். நான் செய்கிற வேலை எப்போதும் கெட்டி. ஈரத்துணியால் ஒற்றினோம், கரண்டிக்காம்பால் நெம்பினோம், நகத்தால் சுரண்டினோம். சில ரசீது முழுசாக வந்தது, சிலது தோல் உரிந்து வந்தது.

உரித்தெடுத்த பிறகு அடுத்த கூத்து. முக்கால்வாசி சீனன் கடை ரசீது. சிவப்பு முத்திரையும் தூரிகை எழுத்துமாக அழகாகத்தான் இருந்தன. எது பூட்ஸ், எது கடிகாரம்? இவர் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது கருவாட்டுக்கடை. இது தோலு, பூட்ஸுதான். இதுல எண்ண வாசம் வருது, சைக்கிள்லா!"

"எல்லாத்துலயும் எங் கஞ்சி வாசந்தான் வரும். போங்க அந்தாண்ட!"

கிராமபோன் ரசீதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கடனில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிருந்தது. ஆகவே அது கட்டாயம் வேண்டும், ஆகவே அதுதான் வரமாட்டேன் என்று பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வெளியே போய் ரம்பத்தோடு வந்தார்.

"என்னங்க பண்றீங்க? வீட்ட அறுக்கிறீங்களே!"

"வீடே போகப்போவுது. ஒரு பலக போனா என்ன?"

அறுத்தே எடுத்துவிட்டார். கிராமபோன் ரசீதோடு சேர்த்து ஓர் ஆள் உயரப் பலகை. அறுத்த சந்து வழியாகச் செவலை தலையை உள்ளே விட்டு என்ன சத்தம் என்று பார்த்தது. எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் ரம்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார். தலைக்குமேல் வெள்ளம் போய்விட்டபிறகு சிரிக்காமல் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் நான் சொன்னேன், "எல்லாத்துக்கும் இருக்கு. செவலைக்கு ஏது ரசீது?"

அவர் முகம் மாறியது. ஏனென்றால் செவலைக்கு ரசீது கிடையாது, எந்த மாட்டுக்கும் கிடையாது. மாட்டு வியாபாரம் எங்கள் ஆட்களிடம் வாயாலும் நடக்காது, காகிதத்தாலும் நடக்காது. தரகர் தோள்துண்டை எடுத்துத் தன் கைமேல் போடுவார். வாங்குகிறவன் துண்டுக்கடியில் கையை விடுவான். விரலைப் பிடித்துத்தான் பேரம். முதல் பிடி பத்துக் கணக்கு, அடுத்த பிடி ஒற்றைக் கணக்கு. சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு முகம் மட்டும்தான் தெரியும், விலை தெரியாது. யார் கை துண்டுக்குள் போகிறதோ அவர்தான் மாட்டை வாங்கினவர். ஆண்கள் சமாசாரம். பொம்பளை துண்டுப்பக்கம் போகக் கூடாது.

செவலையை வாங்கின அன்று, செமோர் தரகரிடம் கையை விட்டது இவர்தான். காசு என் முந்தானை முடிச்சில் இருந்தது. தரகர் விரலைப் பிடித்தார். இவருக்கு அந்த விரல் கணக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள மானம் விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, "ம், மேல சொல்லு" என்று மீசையை முறுக்கினார். தரகர் கண்ணில் சந்தோஷம் பொங்குவதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, விலை ஏறிக்கொண்டே போகிறது. என் அப்பா தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். சின்ன வயசில் அவர் துண்டுக்குள் கையை விட்டு நான் விளையாடாத நாளில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! இவர் கையை வெளியே தள்ளிவிட்டு என் கையை உள்ளே விட்டேன்.

தரகர் துள்ளிக் குதித்தார். "அய்யய்யோ, பொம்பளக் கை!"

ஆனாலும் உள்ளே போன கையைப் பேரம் முடியாமல் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் தொழில் முறை. வியர்த்து வழிய வழியப் பேரத்தை முடித்தார். நல்லவேளை, பக்கத்தில் வேறு ஆளில்லை. அப்புறம் இரண்டு ஆம்பிளைகளும் என்னிடம் கெஞ்சினார்கள், வெளியே சொல்லாதே என்று. தன் துண்டுக்குள் பொம்பளை கைவிட்டாள் என்று தெரிந்தால் ஒருத்தனும் தன்னிடம் மாடு வாங்க வரமாட்டான் என்றார் தரகர். இவருக்கு என்ன கேடு? கள்ளுக்கடையில் போய், செமோர் தரகரையே தான் விரலால் மடக்கிய கதையை அவிழ்த்துவிடத்தான். ஒவ்வொரு தடவையும் விலை குறையும், தரகர் அழுகை கூடும். சும்மா கள்ளுக்கடையோடு விட்டாரா? கிட்டங்கிக்குப் போய்ச் செட்டியாரிடமும் அளந்திருக்கிறார்.

மாட்டுக்கு ரசீது எழுதித் தரக் கேட்டுத் தரகர் வீட்டுக்குப் போனோம். "தங்கச்சி பேருல மாட்டுக்கு சூரத்தா? அப்ப நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் துண்டப் போடுவேன்? போங்கண்ணே!" என்று விரட்டினார். இவர் விடவில்லை. ரயில் செலவு எங்களுடையது, ஈப்போவில் பிரியாணி எங்களுடையது, வந்து துரை முன்னால் நின்றால் போதும் என்றார். பிரியாணி என்றதும் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்ன சொல்வீர் என்று கேட்டதற்கு, "அங்க வந்து பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பதில் என் நெஞ்சில் முள்ளாக நின்றது.

மறுநாள் ரயில் ஏறினோம். இவர் துரைத்தொப்பி, பூட்ஸ், தோளில் பலகை. ரயிலில் எல்லாரும் தலையைக் குனிந்து குனிந்து வழிவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் கிளார்க்கர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என்னப்பா இது? ரசீது கேட்டா மரம் கொண்டு வாறியள்?"

"ரசீதுதான் சார். பின்னால மரம் இருக்கு."

துரை நல்ல தூக்கக் கலக்கத்தில் இருந்தார். பலகையைக் கண்டதும் விழித்துக்கொண்டார். மேஜைமேல் குறுக்கே வைக்கச் சொல்லி, குனிந்து, சீன முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, உரக்கச் சிரித்தார். கடன் கொடுத்த செட்டியாரும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர்கூட விபூதி உதிரச் சிரித்தார். ரசீதுகள் எல்லாம் சரியென்று ஆயிற்று. கிராமபோன், கடிகாரம், பூட்ஸ், சைக்கிள், நிலம், வீடு என்று துரை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார்.

"மாடு?" என்று கேட்டார் கிளார்க்கர்.

"அது என்னோடது சார். எங் காசுல வாங்குனது" என்றேன்.

ரசீது இல்லை, விற்ற ஆள் இதோ என்று தரகரைக் காட்டினோம். யார் வாங்கியது என்று கிளார்க்கர் கேட்டார். தரகர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். "அண்ணந்தான் வாங்குனாரு. பொம்பளைங்க எங்க கை போடுறது?" என்றார்.

பாவி! பிரியாணி செரிக்குமா இவனுக்கு என்று வாயில் வந்ததை மென்று விழுங்கினேன்.

செட்டியாரும் தலையை அசைத்தார். "இவுகளே எங்க கிட்டங்கியில வந்து சொல்லியிருக்காக. தான் கை போட்டு மடக்கி வாங்குனதா அம்புட்டு விஸ்தாரமாச் சொன்னாக."

அவர்மேல் என்ன குற்றம்? கேட்டதைச் சொன்னார். துரை பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். அந்தப் பட்டியலில் ஏறினால் செவலை ஏலம்.

அப்போது இவர் தொப்பியைக் கழற்றினார். அதைத் துரை மேஜைமேல் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொரை, நாஞ் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது அம்புட்டும் பொய்யி. எனக்கு அந்த வெரலு கணக்கு ஒரு எழவும் தெரியாது. என்னய ஏமாத்திக்கிட்டு இருந்தாரு இந்தத் தரகரு. கையத் தள்ளிவிட்டுட்டுக் கை போட்டது எம் பொண்டாட்டி. பேரம் பேசுனதும் அவதான். காசும் அவ பால் வெட்டுன காசு."

வாசலில் நின்ற பியூன்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் இன்னொருவனைத் தொட்டுக் காட்டினான். இவர் காது சிவந்துவிட்டது, ஆனாலும் தலையைத் தாழ்த்தவில்லை. நிலம் போனபோது சிரித்தவர், வீட்டை அறுக்கும்போது சிரித்தவர், அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

"மாட்டுக்காக இப்ப மாத்திச் சொல்றாக" என்றார் செட்டியார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

துரைக்கு இப்போது தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. அது என்ன துண்டு விஷயம், எனக்குக் காட்டு என்றார். தரகர் துண்டைப் போட்டார், துரை கையை உள்ளே விட்டார். விரலைப் பிடித்ததும் கூச்சத்தில் துரை நெளிந்து ஹிஹி என்று சிரித்தார். பிறகு யோசித்து ஒரு சீட்டில் ஏதோ எழுதி, தரகருக்கும் கிளார்க்கருக்கும் மட்டும் காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தார். இந்த விலையைத் துண்டுக்குள் சொல்லு என்றார்.

முதலில் இவர் கை. உள்ளே என்ன நடந்ததோ, "இருநூறு வெள்ளி?" என்று உளறினார். கிளார்க்கர் வாயைப் பொத்திக்கொண்டார். தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கலாமே என்றார் செட்டியார். துரை ஆமோதித்தார். தெரியாததைத் தெரிந்ததாக நடிக்க முடியாது, அந்தப் பெண்ணைக் கூப்பிடு என்றார்.

நான் போய்த் துண்டுக்குள் கையை விட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரகர் வேண்டுமென்றே விரலை மாற்றிப் பிடித்தால் போதும். நான் தப்பாகச் சொல்வேன், அவர் மானம் தப்பிக்கும், என் மாடு போகும். முதலில் அவர் மூன்று விரலைப் பிடித்தார், விட்டார். பிறகு ஐந்தும் சேர்த்து, அப்புறம் இரண்டு.

"முப்பத்தேழு" என்றேன்.

துரை சீட்டைத் திருப்பினார். கிளார்க்கர் "முப்பத்தேழுதான்!" என்று கத்தியே விட்டார். துரை மேஜையைத் தட்டினார். செட்டியார்கூட, "அது சரி, அப்ப அந்தம்மா மாடுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க எழுந்துவிட்டார்.

துரை அங்கேயே ஒரு ரசீது எழுதச் சொன்னார். செவலை மாடு ஒன்று, கன்று ஒன்று, வாங்கியவர் என்று என் பெயர். தரகர் கைநாட்டு வைத்தார், நானும் வைத்தேன். இன்றைக்கு இதை எழுதுகிற கைக்கு அன்றைக்குப் பேனா பிடிக்கத் தெரியாது. மை காய ஊதிக்கொண்டே தரகரைக் கேட்டேன், ஏன் மாற்றிப் பிடிக்கவில்லை என்று.

"வாயால ஆயிரம் பொய் சொல்லுவேன் தங்கச்சி. துண்டுக்குள்ள சொன்னதில்ல" என்றார் எரிச்சலாக. "பிரியாணி எங்க?"

வாங்கிக் கொடுத்தோம். திரும்புகிற ரயிலில் ஏறும்போது இவரிடம் தொப்பியில்லை, பூட்ஸ் இல்லை, பலகையும் கோர்ட்டில் தங்கிவிட்டது. வெறுங்காலோடு என் எதிரே உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இனிமேல் கள்ளுக்கடையில் என்ன முகத்தோடு போய் நிற்பார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. பியூன்கள் சிரித்தால் செமோர் முழுக்கச் சிரிக்க எவ்வளவு நேரம்? ஏதாவது பேசுங்கள் என்று சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த தோட்டத்து ஆள் ஒருவன், "என்னண்ணே, காலையில பலகையோட போனீங்களே, காரியம் என்னாச்சு?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். இவர் எழுந்து நின்றார். "காரியமா? கேளு! எம் பொண்டாட்டி தொரை முன்னால துண்டுக்குள்ள கையவிட்டா பாரு, தொரை நாற்காலியோட சாஞ்சிட்டான்! இவரக் கேளு, இந்தத் தரகரு, அழுதுட்டாரு!" தரகர் தலையில் அடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். ரயில் பெட்டி முழுக்க எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. முப்பத்தேழு எழுநூறாயிற்று, கோர்ட்டில் ஒரு துரை போய் மூன்று துரையானார்கள்.

"சும்மா இருங்க, மானம் போவுது!" என்று நான் முந்தானையால் முகத்தை மூடினேன்.

அவர் என் வலது கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைதாண்டா!" என்றார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, கட்டை விரலில் கோர்ட்டு மை. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் என்னைத் தொட்டதே இல்லை. செமோர் வரும்வரை நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.